மூன்று தடவை 'முருகா'

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியில் சேர்ந்து ஐந்து மாதம் ஆன ஓர் ஆசிரியையின் கேள்வி இது: "எனக்கு வழிகாட்டி ஆசிரியர் என்று ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். பாரத்தில் கையெழுத்துப் போடுவதோடு சரி, வகுப்புப் பக்கம் தலைகாட்டுவதில்லை. ஆசிரியர் தினத்தில் எல்லாரும் 'என்னை உருவாக்கிய வழிகாட்டி' என்று உருகிப் பேசுகிறார்களே, அப்படி ஒருவர் உண்மையிலேயே தேவையா? தேவை என்றால் எங்கே போய்த் தேடுவது? பேசாமல் மாற்றல் கேட்டுப் போய்விடலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாற்றல் வேண்டாம், இப்போதைக்கு. தீவையும் பெருநிலத்தையும் சேர்த்துப் பினாங்கு மாநிலத்தில் மொத்தமே 28 தமிழ்ப்பள்ளிகள். காலையில் நிபோங் திபாலில் ஓர் ஆசிரியர் அறையில் நீங்கள் புலம்பினால், மாலைக்குள் அந்தப் புலம்பல் ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுன் போய்ச் சேர்ந்துவிடும். 'வழிகாட்டி சரியில்லை என்று ஓடி வந்த டீச்சர்' என்ற பெயர் உங்களுக்கு முன்பே புதுப் பள்ளிக்குள் நுழைந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்.

ஆசிரியர் தினப் பேச்சுகளையும் அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் தினமான மே 16 என்பது 1956இல் கல்விக் கொள்கை பற்றிய ரசாக் அறிக்கையை அன்றைய சட்டமன்றம் ஏற்றுக்கொண்ட நாள். ஓர் அறிக்கைக்கான நாள் அது. அன்றைக்கு மேடையில் வழிகாட்டியைப் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் அந்த வழிகாட்டியைப் பத்து வருடமாகப் போய்ப் பார்க்காதவர்கள். நானும் சில வருடம் அந்தப் பாதியில் இருந்திருக்கிறேன்.

தாள் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். புதிய ஆசிரியர்களுக்கென்று கல்வி அமைச்சு வைத்திருக்கும் திட்டத்தில் அறிமுகம், வழிகாட்டல், பணித்திறன் மேம்பாடு, மதிப்பீடு என்று நான்கு கட்டம் உண்டு. உங்களுக்கு ஒருவரைப் போட்டது இரண்டாவது கட்டத்தின் கீழ். உங்கள் தகுதிகாண் காலம் ஒன்றிலிருந்து மூன்று ஆண்டு. அதற்குள் பதவி உறுதிப்பாடு வாங்கியாக வேண்டும். ஆகவே கையெழுத்துப் போடுகிறவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். பாரத்தை நீங்களே நிரப்பி, தேதி போட்டு, ஓய்வு நேரத்தில் பேனாவோடு கொண்டுபோய் நீட்டுங்கள். அவரும் மூன்று குழுவுக்குச் செயலாளராக இருந்து விழி பிதுங்கிக்கொண்டிருப்பார்.

நன்னூலில் ஆசிரியர் ஆகாதவர்களுக்கு நான்கு உவமை வரும், படித்திருப்பீர்கள். பயிற்சிக் கழகத்தில் தேர்வுக்காக மனப்பாடம் செய்தபோது எனக்கு அது வெறும் பட்டியல். வேலைக்கு வந்த பிறகுதான் பவணந்தியாரும் ஓர் ஆசிரியர் அறையில் உட்கார்ந்துதான் இதை எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றியது. கழற்குடம்: கழற்சிக்காய் போட்ட குடம் மாதிரி, உள்ளே போட்ட வரிசையை விட்டு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டுகிறவர். உங்கள் முதல் நாளிலேயே பதினெட்டு ஃபைலையும் கையில் திணித்து "படிச்சுக்கோங்க" என்பாரே, அவர்தான். மடற்பனை: தானாகப் பழம் விழுந்தால் உண்டு, மரமேறிப் பறிக்க விடாது. பருத்திக் குண்டிகை: பஞ்சை அடைத்த குடுவை, உள்ளே போனதும் கஷ்டப்பட்டுத்தான், வெளியே வருவதும் இணுக்கு இணுக்காகத்தான். முடத்தெங்கு: நம் வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த வீட்டு வாசலில் காயைப் போடும் தென்னை. வெளியே பட்டறை நடத்திக் கைதட்டல் வாங்கிவிட்டு, சொந்தப் பள்ளியின் புது ஆசிரியருக்கு முகம் கொடுக்காதவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுக்கு வாய்த்தவர் மடற்பனை. நான்கில் அதுதான் தேவலை. அடியில் நின்றால் என்றாவது ஒரு பழம் விழும்.

சரி, உண்மையிலேயே ஒருவர் தேவையா? எனக்குத் தேவைப்பட்டது. என் கதையைச் சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1999 ஜனவரியில், மூன்றாண்டு டிப்ளோமா முடித்து, கையில் ஒரு கட்டு மின்னட்டையும் (ஃபிளாஷ் கார்டு) மணிலா அட்டையும் தூக்கிக்கொண்டு பெருநிலத்தில் ஒரு பள்ளிக்கு வந்தேன். இரண்டாம் ஆண்டு வகுப்பு, 34 பிள்ளைகள். சுற்றியிருந்த தோட்டங்கள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியாக மாறிக்கொண்டிருந்த காலம். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்த பிள்ளைகள் அடுக்குமாடியில் வளர்ந்தார்கள். அம்மாமார் பிறையிலும் பாயான் லெப்பாசிலும் ஷிப்ட் வேலை. வழிகாட்டி, பாரம் என்றெல்லாம் எனக்கு எதுவும் கிடையாது. தலைமையாசிரியர் மூலையில் இருந்த ஒரு மேசையைக் காட்டி, "ஏதாவதுன்னா அந்த டீச்சரைக் கேட்டுக்கோங்க" என்றார். அவ்வளவுதான் நியமனம்.

அந்த டீச்சருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கதர் மாதிரி முரடான பருத்திச் சேலை, இடது கையில் ஆண்கள் கட்டும் கடிகாரம். மூன்று வாரம் என்னை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என் வகுப்புச் சத்தம் கேன்டின் வரை கேட்டும் வரவில்லை. உங்களைப் போலவே நானும், "இதுதானா வழிகாட்டல்" என்று மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

நான்காவது வாரம் ஓய்வு நேரத்தில் என் மேசைக்கு வந்து, ஒரு கறிபாப்பைத் தாளோடு வைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, வகுப்பு எப்படி?"

"பாதிப் பேருக்கு வாசிக்கவே வரலை டீச்சர்."

"பாதின்னா யாரு யாரு? பேரு சொல்லுங்க."

நான் ஏழு பெயர் சொன்னேன். எட்டாவதுக்கு நாக்கு சுழன்றது. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "நாளைக்கு ரெண்டாவது பாடவேளை எனக்குச் சும்மா. பின்னால உட்கார்ந்துக்கலாமா?" என்றார். முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பு நடத்தியவர் என்னிடம் அனுமதி கேட்கிறார். எனக்கு அது முதலில் கிண்டல் மாதிரிப் பட்டது.

மறுநாள் வந்து, துடைப்பம் சாத்தி வைத்திருந்த மூலையில், பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் மேலே தூக்க உட்கார்ந்தார். நான் அன்றைக்கு என் மின்னட்டைகள் அத்தனையையும் இறக்கினேன். மணி அடித்ததும் அவர் ஒரு பயிற்சித் தாளை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதில் 34 கட்டம், வகுப்பில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த அதே வரிசையில். நான் ஒரு பிள்ளையைக் கேள்வி கேட்ட ஒவ்வொரு தடவையும் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. ஒன்பது கட்டத்தில்தான் புள்ளி இருந்தது. அதிலும் இரண்டு கட்டத்தில் ஆறாறு. பின்பக்கத்து இடது மூலை முழுக்க வெள்ளை.

கீழே ஒரு வரி கருத்து கிடையாது. மதிப்பெண் கிடையாது. நகல் எடுக்கவில்லை, தலைமையாசிரியர் மேசைக்குப் போகவில்லை. "இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு அந்தத் தாளை வைத்துக்கொண்டு, ஏன் இடது மூலை மட்டும் வெள்ளை என்று யோசித்தேன். மறுநாள் வகுப்பில் நின்றபோதுதான் புரிந்தது. இரண்டு மின்விசிறியில் வலது பக்கத்து விசிறி மட்டும்தான் ஓடியது. காற்று வருகிற இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். காற்று வருகிற பக்கத்துப் பிள்ளைகளுக்குத்தான் பாடமும் போய்க்கொண்டிருந்தது. இதை அவர் வாயால் சொல்லியிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். தாளிடம் என்ன சமாதானம் சொல்வது?

இரண்டாவது தடவை உட்கார்ந்தபோது வேறொன்றைக் கவனித்தார். நான் கேள்வியைக் கேட்டுவிட்டு, பிள்ளை வாயைத் திறப்பதற்குள் அடுத்த பிள்ளைக்குத் தாவிவிடுகிறேன், இல்லாவிட்டால் நானே பதிலைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குச் சொன்னார்: "கேள்வி கேட்டுட்டு மனசுக்குள்ள மூணு தடவை 'முருகா' சொல்லுங்க தம்பி. அதுக்கு முன்னாடி வாயைத் திறக்காதீங்க."

பக்தி மிகுந்த அம்மா ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். செய்து பார்த்தால் அந்த மூன்று முருகாவும் முப்பது முருகா மாதிரி நீண்டது. வகுப்பே என்னைப் பார்க்கும். நானும் வகுப்பைப் பார்ப்பேன். மூன்றாவது முருகாவில், அதுவரை வாயே திறக்காத ஒரு பையன் பின் மூலையிலிருந்து, "சார், நத்தை" என்றான். கேள்வி என்னவென்று இப்போது ஞாபகமில்லை. அந்த 'நத்தை' மட்டும் ஞாபகம் இருக்கிறது.

பல வருடம் கழித்து, பகுதி நேரமாகப் பட்டப்படிப்பு படிக்கும்போது மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். 1970களில் வகுப்பறைப் பேச்சை ஒலிப்பதிவு செய்து, ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தவர். அதை மூன்று வினாடியாக நீட்டினால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, பதில் சொல்லாதவர்களும் சொல்ல ஆரம்பிக்கிறார்கள் என்றார். மூன்று முருகாவை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள், ஏறக்குறைய மூன்று வினாடிதான் வரும். டீச்சர் அந்த ஆய்வைக் கேள்விப்பட்டவரே இல்லை.

அவருக்கு இந்தப் பழக்கமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். அவர் படித்தது ஒரு தோட்டப் பள்ளியில். ஒரே கட்டடம், மூன்று வகுப்பு, ஒரு வாத்தியார். அந்தப் பள்ளிகளின் பின்கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டம் ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்று 1912இல் தொழிலாளர் சட்டம் வந்தது. சட்டத்துக்காகக் கொட்டகை போட்டுவிட்டு, வேலையாட்களை மேய்க்கும் கங்காணியையோ கணக்கெழுதும் கிராணியையோ பாடம் சொல்ல வைத்த தோட்டங்கள் பல. டீச்சருக்கு நல்ல வாத்தியார் வாய்த்திருக்கிறார். ஒவ்வொரு பிள்ளையையும் பெயரோடும் லயத்து வீட்டு எண்ணோடும் தெரிந்தவராம். பிள்ளை வரவில்லை என்றால் மதியம் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவாராம். "பேரு சொல்லுங்க" அங்கிருந்து வந்தது.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான சம்பவம்.

என் வகுப்பில் ஒரு சிறுமியின் பயிற்சிப் புத்தகத்தில், சிவப்பு மையில், மூன்று பக்கம் தொடர்ந்து 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்தேன். மூன்றாவதை அடிக்கோடிட்டும் இருந்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் அம்மா ஆசிரியர் அறை வாசலில். இரவு ஷிப்ட் முடிந்து, தொழிற்சாலைச் சீருடையோடு, பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருக்கிறார். கண் சிவந்திருந்தது, தூக்கமின்மையா கோபமா தெரியவில்லை. புத்தகத்தை விரித்துக் காட்டி, "பொண்ணு ஸ்கூலுக்கு வரமாட்டேங்குது சார். என்ன கவனம் குறைஞ்சு போச்சுன்னு சொல்லுங்க" என்றார்.

டீச்சர் எழுந்து வந்தார். எனக்கு உயிர் வந்தது. அந்த அம்மாவை உட்கார வைத்தார், ஒரு கோப்பி கலந்து வைத்தார். அப்புறம், "சார் பேசுவாரும்மா" என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போய், பயிற்சிப் புத்தகம் திருத்த உட்கார்ந்துவிட்டார்.

நான் என்ன பேசினேன் என்பது பெரிய விஷயமில்லை. திக்கித் திணறி மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பெண் எங்கே தடுமாறுகிறாள் என்று புத்தகத்தைப் புரட்டிக் காட்டினேன், ணகரத்தையும் னகரத்தையும் மாற்றி மாற்றிப் போடுகிறாள் என்றேன். கவனக்குறைவு இல்லை, காதுக்கு அந்த வித்தியாசம் இன்னும் பிடிபடவில்லை என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. அம்மா கோப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

மதியம் டீச்சரிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன், ஏன் என்னை மாட்டிவிட்டீர்கள் என்று. திருத்துவதை நிறுத்தாமல் சொன்னார்: "நான் பேசியிருந்தா அந்தம்மா அடுத்த தடவையும் என்னைத்தான் தேடி வருவாங்க."

உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் கிட்டத்தட்ட இதுதான். வழிகாட்டி நம்மை நம்புவது என்றால் நம்மைப் புகழ்வது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த டீச்சர் இரண்டு வருடத்தில் என்னைப் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் என் வகுப்பை என் கையிலிருந்து ஒருநாளும் வாங்கிக்கொள்ளவில்லை. பிள்ளைகள் முன்னால் ஒருமுறைகூடத் 'தம்பி' என்று கூப்பிட்டதில்லை, எப்போதும் 'சார்'. தம்பி எல்லாம் ஆசிரியர் அறைக்குள்தான். இருபத்து மூன்று வயதுப் பையனுக்கு அந்த ஒரு சொல் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இதற்கு நேர்மாறானவர்களையும் பார்த்திருக்கிறேன்: அன்பாக இருப்பார்கள், பசியாறல் வாங்கித் தருவார்கள், வகுப்பில் சத்தம் கேட்டால் ஓடி வந்து ஓர் அதட்டுப் போட்டு அடக்கிவிட்டுப் போவார்கள். புது ஆசிரியரின் கதை அன்றோடு முடிந்தது. பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும், யார் அசல் என்று.

நான் வேலைக்கு வந்த இரண்டாவது வருடத் தொடக்கத்தில் பெரிய காரியம் ஒன்று செய்தார். அப்போது எல்லாப் பள்ளியிலும் யுபிஎஸ்ஆர் எனும் ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வு ஜுரம். 1988இல் வந்த அந்தத் தேர்வை 2021இல்தான் எடுத்தார்கள், நடுவில் முப்பது வருடத்துக்கு மேல் கெட்டிக்கார ஆசிரியர்கள் எல்லாம் ஆறாம் ஆண்டுக்கு, புதியவர்கள் கீழ் வகுப்புக்கு என்பது எழுதாத சட்டம். டீச்சரின் கணக்கு தலைகீழ். "கெட்டிக்காரர் போக வேண்டியது முதலாம் ஆண்டுக்கு. அங்க சரியா விட்டா ஆறாம் ஆண்டுல யாரும் வித்தை காட்ட வேண்டாம்" என்பார். வருடக்கணக்காக முதலாம் ஆண்டைத் தானே வைத்திருந்தவர், அந்த வருடம் ஒரு வகுப்பை எனக்குக் கொடுக்கச் சொன்னார். தலைமையாசிரியர் தயங்கினார். நானும் வேண்டாம் என்றேன். "நான் பக்கத்து வகுப்புலதானே இருக்கேன்" என்றார். இரண்டு வகுப்புக்கும் நடுவில் மடக்குப் பலகைத் தடுப்பு. அதில் ஒரு பலகையை அவர் எப்போதும் மடக்கியே வைத்திருந்தார்.

மார்ச் மாதத்தில் நான் மாட்டிக்கொண்டேன். ட, ப, ம என்று கோடாக இழுக்கும் எழுத்துகளில் ஆரம்பித்து படம், பட்டம், பாடம் வரை பிள்ளைகள் நன்றாகத்தான் வந்தார்கள். கொம்பு வந்ததும் வகுப்பு படுத்துவிட்டது. உங்களுக்கும் இது வரும். கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, வாய்க்கு அது கடைசியில். 'கெ' எழுதச் சொன்னால் க போட்டுவிட்டுப் பின்னால் கொம்பு போடுவார்கள். 'கொ' என்றால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் எழுத்து. ஆறு வயதுப் பிள்ளைக்கு இது அநியாயம்தான். நான் கரும்பலகையில் எழுதி எழுதிச் சுண்ணாம்புக்கட்டி தீர்ந்ததே தவிர வேலைக்காகவில்லை.

பலகைத் தடுப்பு வழியாக அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு வாரம் ஒன்றும் சொல்லவில்லை. நானாகப் போய்க் கேட்டபோது, "என் வகுப்புக்கு வந்து பாருங்க" என்றார். மூன்று பிள்ளைகளை முன்னால் நிறுத்தினார். ஒருத்தி கழுத்தில் கொம்பு அட்டை, ஒருவன் க, ஒருத்தி கால். க தனியாக நின்று "க" என்றான். கொம்புக்காரி இடது பக்கம் வந்து அவன் கையைப் பிடித்ததும் இருவரும் சேர்ந்து "கெ". கால்காரி வலது பக்கம் வந்து கை கோத்ததும் மூவரும் ஒரே வாயாக "கொ". கை விட்டால் கொம்புக்குச் சத்தம் கிடையாது, உதட்டைப் பூட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொம்புக்குத் தனியாகச் சத்தம் இல்லை என்பதை நான் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றதில்தான் அது அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

நம்பிக்கை வேலை செய்யுமா என்பதற்கு ஆய்வு இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். 1968இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ரோசந்தால், ஜேக்கப்சன் என்ற இருவர், குலுக்கல் முறையில் எடுத்த சில பெயர்களை ஆசிரியர்களிடம் கொடுத்து 'இந்தப் பிள்ளைகள் இந்த வருடம் மலரப் போகிறார்கள்' என்று சொல்லிவைத்தார்கள். கீழ் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் உண்மையிலேயே அதிகம் முன்னேறினார்கள் என்று எழுதினார்கள். அந்தக் கணக்கைப் பிறகு பலர் கிழித்தார்கள், எனக்கும் அதில் முழுத் திருப்தி இல்லை. நினைத்தாலே நடந்துவிடும் என்றால் நாமெல்லாம் வீட்டிலிருந்தே பாடம் நடத்தலாமே. டீச்சரின் நம்பிக்கைக்குக் கை கால் இருந்தது. புள்ளி வைத்த தாள், திறந்து வைத்த பலகை, கேட்டால் மட்டும் கிடைக்கும் பதில் என்று அது நடமாடியது.

சாமி நம்பிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வருடம் தவறாமல் பால்குடம் எடுப்பார். மலைமேல் இப்போதைய பெரிய கோயில் 2012இல் திறப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஏறிக்கொண்டிருந்தவர். ஆனால் வகுப்பில் ஒரு நாளும் அதைப் பிள்ளைகள் மேல் ஏற்றியதில்லை. கிறிஸ்துவப் பிள்ளைகள் நான்கைந்து பேர் இருந்தார்கள், முருகாவை மனதுக்குள் சொல்லச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எனக்குக் கோயில் பழக்கம் குறைவு. "அப்ப ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுங்க, யாரு வேண்டாம்ன்னா" என்று சிரித்தார். நான் முருகாவிலேயே நின்றுவிட்டேன். எண்ணினால் வேகமாகப் போய்விடுகிறது.

அவர் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று எடுத்துக்கொள்ளவில்லை, நீங்களும் யாரையும் அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். பேச்சு வழக்கு விஷயத்தில் எங்களுக்குள் ஒரு வருடம் சண்டை. பிள்ளை "நேத்து அம்மாகூட பாசாருக்குப் போனேன் சார்" என்று ஆரம்பித்தால், அவர் அங்கேயே நிறுத்தி "சந்தைக்குச் சென்றேன்" என்று திருத்துவார். பிள்ளை திருத்திச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும், சந்தையில் என்ன நடந்தது என்பது அதோடு போச்சு. நான் முதலில் கதையைக் கேட்பேன், எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பேன். "நாளைக்குக் கட்டுரையில பாசார்னு எழுதி வைக்கும், அப்ப உங்களைத்தான் கேட்பேன்" என்பார். எழுதவும் செய்தார்கள், கேட்கவும் செய்தார். இன்றைக்கும் நான் என் பக்கம்தான்.

இனி உங்களுக்கு. அப்படி ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது? அறிவிப்புப் பலகையில் தெரியாது. ஆண்டின் பிற்பகுதியில் பயிற்சிப் புத்தகங்களைப் பாருங்கள். முதல் மாதத்தில் எல்லா வகுப்புப் புத்தகமும் அழகாகத்தான் இருக்கும். எட்டு மாதம் கழித்தும் யாருடைய வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளையின் புத்தகமும் திருத்தப்பட்டிருக்கிறதோ அவரைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்ட பிள்ளைகள் சீருடையோடு வந்து வாசலில் யாருக்காக நிற்கிறார்கள் என்று பாருங்கள். அவர் உங்கள் பாடத்தைப் போதிப்பவராக இருக்க வேண்டியதில்லை. சில சமயம் ஆசிரியரே இல்லாமலும் இருக்கலாம். எங்கள் பள்ளியில் எந்தப் பிள்ளை பசியோடு வந்திருக்கிறது என்று கேன்டின் அக்காவுக்குத் தெரிந்த அளவு எங்கள் யாருக்கும் தெரியாது.

ஆளைப் பிடித்ததும் "எனக்கு வழிகாட்டுங்க" என்று கேட்காதீர்கள். அது பெரிய பாரம், யாருமே பின்வாங்குவார்கள். "ஒரு பாடவேளை உங்க வகுப்புல பின்னால உட்காரலாமா டீச்சர்?" என்று கேளுங்கள். ஒரு பாடவேளை மட்டும் கேட்டால் கொடுப்பார்கள். போய்விட்டு வந்து புகழாதீர்கள், பார்த்ததில் ஒன்றைச் செய்து பாருங்கள், சொதப்பினால் சொதப்பியதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அடுத்த தடவை அவரே வருவார். வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் நாற்பது பதில் வரும், நாற்பதும் பொதுப் பதில். உங்கள் வகுப்பின் இடது மூலையை அவர்கள் யாரும் பார்த்ததில்லை.

யாருமே கிடைக்கவில்லை என்றால் கட்டம் போட்ட தாளை நீங்களே வைத்துக்கொள்ளலாம். கைப்பேசியைப் பின்னால் சாய்த்து வைத்து உங்கள் குரலை மட்டும் பதிவு செய்து, வீட்டில் கேட்டுக்கொண்டே புள்ளி வையுங்கள். முதல் பதிவு காதுக்குக் கொடுமையாக இருக்கும், நம் குரல் நமக்கே பிடிக்காது. அதைத் தாண்டிவிட்டால் போதும்.

உங்கள் மடற்பனையையும் அடியோடு கைவிட்டுவிடாதீர்கள். கையெழுத்து வாங்கப் போகும்போது ஒரே ஒரு பிள்ளையைப் பற்றி, பெயர் சொல்லி, ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அந்தப் பிள்ளையின் அண்ணனுக்கு அவர் பாடம் நடத்தியிருப்பார். அங்கிருந்து பேச்சு தொடங்க வாய்ப்பு உண்டு.

டீச்சர் 2003இல் ஓய்வு பெற்றார். இப்போது புக்கிட் மெர்தாஜாமில் மகள் வீட்டில் இருக்கிறார், கண்ணில் புரை எடுத்திருக்கிறது. நான் துணைத் தலைமையாசிரியர் ஆகிவிட்டேன், ஆனாலும் முதலாம் ஆண்டுத் தமிழில் சில பாடவேளைகளைக் கையில் வைத்திருக்கிறேன். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். மகள் கோப்பி கொண்டுவந்து வைத்தார். என் பதவி, சம்பளம், குடும்பம் எதையும் அவர் விசாரிக்கவில்லை.

"கொம்பு இன்னும் எத்தனை பேருக்கு வரலை?"

"நாலு பேரு டீச்சர்."

"பேரு சொல்லுங்க."

மூன்று பெயர் சொன்னேன். நான்காவது வரவில்லை. கைப்பேசியை எடுத்து வகுப்புப் பட்டியலைத் தேட ஆரம்பித்தேன். நான் தேடி முடிக்கும் வரை அவர் கோப்பியைத் தொடவில்லை.